பாலும் பால்மரமும்

சீமைக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் நம் செவியில் விழுகின்றன. "ஆகா! அது பொற்காலம்! வெள்ளைக்காரன் கப்பலேற்றி அழைத்துச் சென்றான், சோறு தந்தான், கம்பளி தந்தான், அறிவும் தந்து அனுப்பினான்" என்று உருகுவது ஒரு குரல். "அடிமைகளை வார்த்தெடுத்த பட்டறை அது; வேறென்ன?" என்று உறுமுவது மற்றொரு குரல். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. உருகுவோர் கணக்குப் பார்க்க மறுக்கின்றனர். உறுமுவோரோ, அங்கே அந்த இளைஞர்கள் நாள்தோறும் எதைக் கண்டனர், எதை உண்டனர், எவரோடு அமர்ந்தனர் என்று பார்க்கவே மறுக்கின்றனர். கணக்கையும் பார்ப்போம், வாழ்வையும் பார்ப்போம்.

லிவர்பூல் நகருக்கருகே கிர்க்பி என்றோர் ஊர். எழுதுவது கிர்க்பி, ஆங்கிலேயர் உச்சரிப்பது 'கர்பி'. எழுத்தொன்று ஒலியொன்றாக ஒரு மொழியை வைத்துக்கொண்டு, அதுவே அறிவுக்கு ஒரே வாயில் என்று நமக்குச் சொல்லிவந்தனர்! அது கிடக்கட்டும். இரண்டாம் உலகப்போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளர் தங்குவதற்கென அவ்வூரில் ஒரு விடுதி எழுப்பப்பட்டது. போர் முடிந்தது. அந்த விடுதிக் கட்டிடங்களில்தான் மலாயா அரசு தன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை அமைத்தது. 1952ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முதல் அணி வந்து சேர்ந்தது. 1962இல் கல்லூரி மூடப்படும்வரை, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞரும் இளம்பெண்களும் அங்கே ஈராண்டுப் பயிற்சி பெற்றனர். வுல்வர்ஹாம்ப்டன் நகரருகே பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜ் எனும் இடத்தில் 1955இல் இரண்டாவது கல்லூரியும் எழுந்தது. செலவு அரசினுடையது. போருக்குப் பின் மலாயாவின் ஆங்கிலப் பள்ளிகளில் மாணவர் வெள்ளமெனப் பெருகினர். பயிற்சி பெற்ற ஆசிரியரோ சிலர். 1948இல் தொடங்கிய நெருக்கடிநிலை நாட்டைக் கவ்வியிருந்தது. எனவே கல்லூரியைக் கடலுக்கு அப்பால் வைத்தனர்.

கடலுக்கு அப்பால் என்றதும் நம் வைதிகர்கள் நினைவுக்கு வராமல் போவதில்லை. கடல் கடந்தால் சாதி கெடும் என்றனர் அல்லவா? 1888இல் காந்தியார் சட்டம் படிக்க இங்கிலாந்து புறப்பட்டபோது அவருடைய சாதியார் கூடி அவரைச் சாதிவிலக்குச் செய்தனர். கணித மேதை இராமானுசன் 1913இல் கேம்பிரிட்சிலிருந்து வந்த அழைப்பை முதலில் ஏற்கத் தயங்கியதற்கும் இந்தக் கடல் தடையே பெருங்காரணம். ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். நாகையிலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்குக் கப்பல் கப்பலாக ஏழைத் தமிழரை ஏற்றினார்களே, அப்போது எந்தச் சாத்திரி துறைமுகத்தில் நின்று மறித்தார்? எந்த மடம் "அந்தோ, கடல்!" என்று கதறியது? மண்வெட்டியோடு போகிறவனுக்குக் கடல் தீட்டில்லை. புத்தகத்தோடு போகிறவனுக்குத்தான் தீட்டு! இன்னும் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கப்பலில் மனிதன் வதங்கிப்போனான். சாதியோ வாடாமல் வதங்காமல், சுங்கமும் கட்டாமல், அக்கரையில் இறங்கிவிட்டது.

இனிக் கிர்க்பியின் வாழ்வுக்கு வருவோம்.

மலாயாவில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமம். லிவர்பூலிலோ டிசம்பர் மாதத்தில் காலை எட்டரை மணியளவில்தான் ஞாயிறு தலைகாட்டும். மாலை நான்குக்குள் மறைந்துவிடும். சூன் மாதத்தில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். விளக்கேற்றிக் கொண்டு எழுந்து, விளக்கேற்றிக் கொண்டே மாலைப் பாடம் படிக்க வேண்டிய குளிர்காலம். நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து கண்ணை மறைக்கும் தெருக்கள். உணவோ பங்கீட்டு உணவு! ஆம், தோழர்களே, வென்ற நாட்டில் பங்கீடு! முதல் அணி அங்கே போய்ச் சேர்ந்தபோது தேயிலைக்குப் பங்கீடு, சர்க்கரைக்குப் பங்கீடு, வெண்ணெய்க்கும் இறைச்சிக்கும் பங்கீடு. தேயிலைப் பங்கீடு 1952 அக்டோபரில் நீங்கியது. சர்க்கரைக்கு 1953 வரை, இறைச்சிக்கு 1954 சூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிளகாயும் புளியும் பழகிய நாவுக்கு அவித்த உருளைக்கிழங்கும் கோசும் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சுவையற்ற உணவை அவர்கள் உண்ட இடத்தைக் கவனியுங்கள். ஒரே கூடம். மலாய் இளைஞன், சீனப் பெண், தமிழ் இளைஞன், யாழ்ப்பாணத்து வழிவந்த பெண், அனைவருக்கும் ஒரே வரிசை. மலாயாவிலோ மலாய்ப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, சீனப் பிள்ளைக்கு வேறு பள்ளி, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு ரப்பர்க் காட்டுக்குள் ஒரு கொட்டகை. அங்கே ஒன்றாக அமர வைக்காத ஆட்சி, ஏழாயிரம் மைலுக்கு அப்பால் அழைத்துச் சென்று ஒன்றாக அமர வைத்தது! ஊரில் செய்திருக்கலாமே என்று கேட்டவர் எவருமில்லை. பெண்களின் நிலையை எண்ணுங்கள். இருபது வயதுக்குள் எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிடக் காத்திருக்கும் குடும்பங்களிலிருந்து, துணைக்குத் தாயோ தமையனோ இன்றிக் கப்பலேறி, மூன்று நான்கு வாரம் கடலில் சென்று, ஈராண்டு தனித்து வாழ்ந்து, தன் துணியைத் தானே துவைத்து, தன் காசைத் தானே எண்ணிச் செலவிட்டு, விடுமுறையில் தோழியரோடு ஊர் பார்த்துத் திரும்பினாள் ஒரு பெண். அவளுக்கு விரிவுரையாளர் கற்பித்த உளவியலைவிட, அந்த ஈராண்டு கற்பித்தது பெரிது. "அடிமைப் பட்டறை" என்று உறுமுவோர் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அச்சொல்லைச் சொல்லட்டும்.

இன்னொன்றும் அங்கே நடந்தது. மலாயாவில் வெள்ளையன் என்றால் துரை. குதிரைமீது வருவான், அல்லது காரில் வருவான். அவன் மண்ணைத் தொட்டதை எவரும் கண்டதில்லை. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய இளைஞன் கண்டதென்ன? மூட்டை சுமப்பவன் வெள்ளையன். கரி அள்ளுபவன் வெள்ளையன். தெருக் கூட்டுபவன் வெள்ளையன். பேருந்தில் சீட்டுக் கிழிப்பவள் வெள்ளைக்காரி. நூற்றாண்டு காலமாகக் கட்டிவைத்த துரைத்தனத்தின் மாயை, ஒரே காலைப்பொழுதில் அவன் கண்முன் பொடிப்பொடியாயிற்று. இதை எந்தப் பாடத்திட்டமும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கப்பலே புறப்பட்டிராது!

உருகுவோர் இங்கே நம்மை மறிக்கலாம். "பார்த்தீர்களா, நல்லதைத்தானே கற்றார்கள்" என்று. பொறுங்கள். விடுதியை விட்டு வெளியே வந்து வாடகைக்கு ஓர் அறை கேட்டுப் பாருங்கள். அந்நாளைய இங்கிலாந்தில் தோல் நிறம் பார்த்து அறை மறுக்கும் வீட்டுக்காரிகள் தெருத்தோறும் இருந்தனர். வெளிப்படையாகப் பலகை எழுதி வைத்தவர்களும் உண்டு. 1965இல் வந்த முதல் சட்டம் பொது இடங்களைத்தான் தொட்டது. வீடு மறுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் கிர்க்பி கல்லூரி மூடியே ஆறாண்டு ஆகிவிட்டது. அந்த மறுப்பைக் கேட்ட ஒரு தமிழ் இளைஞனின் நெஞ்சு எரிந்திருக்கும். எரியட்டும், எரிய வேண்டியதுதான். ஆனால் ஊர் திரும்பியபின், தன் வீட்டுத் திண்ணையில் இன்னொரு தமிழனை அமரவிடாத தன் பாட்டனிடம் அந்த எரிச்சலை அவன் காட்டினானா? காட்டியவர்கள் உண்டென்றால் அவர்களை வணங்குகிறோம். சீமையில் நிறவெறியைக் கண்டு சீறி, ஊரில் சாதியைக் கண்டு சிரித்து நின்றவனை எந்தப் பயிற்சி பெற்றவன் என்பது?

இனி வகுப்பறை. பயிற்சி ஆசிரியர்கள் லிவர்பூல் வட்டாரப் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்திப் பழகினர். அங்கே இருந்த பிள்ளைகள் யார்? இளவரசர்களா? இல்லை. துறைமுகக் கூலியின் பிள்ளை, கப்பல் பட்டறைக்காரன் பிள்ளை. நகரத்துக் குடிசைப்பகுதிகளை இடித்து, அங்கிருந்த மக்களைக் கிர்க்பியில் குடியேற்றிய காலம் அது. 1951இல் ஏறத்தாழ 3,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 1961இல் 50,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். தம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஓர் ஏழை நகரம் எழுவதைப் பயிற்சி ஆசிரியர்கள் கண்ணால் கண்டனர். அந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு என்ன தந்தது? 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் உயர்நிலைக் கல்வியைக் கட்டணமில்லாததாக்கிற்று. 1947முதல் பதினைந்து வயதுவரை பள்ளி கட்டாயம். 1946ஆம் ஆண்டின் பால் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் நாள்தோறும் மூன்றிலொரு பைண்ட், அதாவது கிட்டத்தட்ட 190 மில்லி பால், காசின்றி! சிறு புட்டியில் பால். குடித்துவிட்டுப் பிள்ளை பாடத்துக்கு அமரும்.

அதே அரசு. அதே முடி. அதே கொடி. அந்தக் கொடி பறந்த மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வாருங்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு முடிய, தாயும் தந்தையும் பால்மரம் வெட்டப் போய்விடுவர். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். சற்று வளர்ந்த பிள்ளை மங்கு துடைக்க, பால் சேர்க்கப் பெற்றோர் பின்னால் ஓடும். அல்லது பள்ளிக்கூடம் என்ற பெயரால் நிற்கும் கொட்டகைக்குப் போகும். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழுமுதல் பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென்றது. வைத்தார்கள்! ஆசிரியராக எவரை வைத்தார்கள்? எழுத்தறிந்த கிராணியை வைத்தார்கள், கங்காணியை வைத்தார்கள், மருந்துக்கொட்டகை ஆளை வைத்தார்கள். ஓய்ந்த நேரத்தில் வந்து சொல்லிக் கொடுப்பார். பெரும்பாலான பள்ளிகள் நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். லிவர்பூல் பிள்ளைக்குப் பசும்பால். தோட்டத்துப் பிள்ளைக்குப் பால்மரத்துப் பால்! ஒன்று குடிப்பதற்கு, மற்றொன்று சுமப்பதற்கு.

இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடாதீர்கள். போருக்குப் பின் கடனில் மூழ்கிய பிரிட்டனுக்கு டாலர் ஈட்டித் தந்ததில் மலாயாவின் ரப்பருக்கும் வெள்ளீயத்துக்கும் முதன்மையான இடம் உண்டு. கொரியப் போர் தொடங்கியதும் ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. லிவர்பூலிலேயே டன்லப் நிறுவனத்தின் ரப்பர்த் தொழிற்சாலை நின்றது. அதே நிறுவனத்துக்கு மலாயாவில் தோட்டங்களும் இருந்தன. தோட்டத்துப் பிள்ளை சேர்த்த பாலின் ஒரு துளி, லிவர்பூல் பிள்ளையின் புட்டிக்குள்ளும் இருந்தது என்று சொன்னால் அது கவிதையன்று, கணக்கு.

சீமைப் பள்ளியைப் புகழ்ந்துவிட்டோம் என்று எவரும் மகிழ வேண்டாம். அங்கேயும் மடமை குடியிருந்தது. அந்த 1944ஆம் ஆண்டுச் சட்டமேதான் நாள்தோறும் பள்ளி தொடங்குகையில் கூட்டு வழிபாட்டைக் கட்டாயமாக்கிற்று. சமயப் பாடத்தையும் கட்டாயமாக்கிற்று. பதினொரு வயதில் ஒரு தேர்வு. தேறியவன் ஒரு பள்ளிக்கு, தேறாதவன் வேறு பள்ளிக்கு. பதினொரு வயதில் தலையெழுத்து! நம்மூர்ப் பிரம்மா பிறக்கும்போதே எழுதிவிடுகிறான் என்பர். சீமைப் பிரம்மா பதினோராண்டு பொறுத்திருந்தான், அவ்வளவே. பிரம்படியும் அங்கே சட்டத்துக்கு உட்பட்டதே; அரசுப் பள்ளிகளில் அது ஒழிந்தது 1987இல். பெண் ஆசிரியருக்கு ஆண் ஆசிரியரைவிடக் குறைந்த ஊதியம். 1955இல் தொடங்கிப் படிப்படியாக 1961இல்தான் சம ஊதியம் முழுமை பெற்றது. கிர்க்பியில் நம் பெண்கள் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவர்களுக்குக் கற்பித்த நாட்டின் பெண் ஆசிரியர்கள் தம் உரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போது கணக்கின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறோம். கிர்க்பிக்குச் செல்லத் தகுதி எது? ஆங்கிலப் பள்ளியில் படித்துப் பெற்ற பள்ளி இறுதிச் சான்றிதழ். ஆங்கிலப் பள்ளி இருந்தது எங்கே? நகரத்தில். கட்டணம் கட்டி, ஊர்தி ஏறிப் போய்ப் படிக்கக்கூடியவன் எவன்? அரசாங்க எழுத்தர் மகன், ரயில்வே ஊழியர் மகள், கடைக்காரர் பிள்ளை. கிர்க்பியில் தமிழர் இருந்தனர். நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்த பால்மரத் தொழிலாளியின் பிள்ளை அங்கே எப்படி இருந்திருக்க முடியும்? சரி, பயிற்சி பெற்றவர்கள் திரும்பி வந்து எங்கே கற்பித்தனர்? பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளிகளில். நகரத்துப் பிள்ளை, நகரத்துப் பிள்ளைக்கு! தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு என்ன பயிற்சி கிடைத்தது? வார இறுதியில், வேலை ஓய்ந்த நாளில், பகுதிநேர வகுப்பு. மலாய்ப் பள்ளி ஆசிரியர்க்கென 1922இலேயே தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்லூரி எழுந்தது; மலாய்ப் பெண்களுக்கு 1935இல் மலாக்காவில் கல்லூரி எழுந்தது. அவர்கள் பெற்றதை நாம் குறை கூறவில்லை. பெற வேண்டியதைத்தான் பெற்றனர். தமிழ்ப் பள்ளிக்கு அதுபோல் ஒன்றை ஏன் எழுப்பவில்லை என்றுதான் கேட்கிறோம்.

"தோட்டத்து ஆசிரியருக்கு ஆங்கிலம் தெரியாதே, அவரை எப்படிச் சீமைக்கு அனுப்புவது?" என்று விடை வரும். அனுப்ப வேண்டாம், ஐயா! கல்லூரியை அவரிடம் கொண்டுவந்திருக்கலாமே! வெடிமருந்துத் தொழிலாளர் விடுதியைக் கல்லூரியாக்கத் தெரிந்த அரசுக்கு, கிள்ளானிலோ ஈப்போவிலோ ஒரு கட்டிடம் கண்ணில் படவில்லையா? ஆளில்லாமல் கிடந்த ஒரு துரை பங்களா போதாதா? பணமில்லை என்று சொல்லக்கூடாது. பணம் கப்பலேறிக் கொண்டிருந்தது, ஆண்டுக்காண்டு.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 7. லண்டனில் விடுதலைப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த துங்கு அப்துல் ரகுமான் கிர்க்பிக்கு வந்து, அந்தப் பயிற்சி ஆசிரியர்கள் நடுவே நின்று, நாடு விடுதலை பெறும் நாளை அறிவித்தார்: 1957 ஆகஸ்டு 31. மலாக்காவில் மக்கள் கூட்டத்துக்கு அவர் அதை அறிவித்தது பிப்ரவரி 20இல். நாட்டு மக்களுக்கு முன்பே ஆசிரியர்கள் அறிந்தனர்! ஆரவாரம் எழுந்திருக்கும், கண்ணீர் வழிந்திருக்கும். நமக்கும் அதை நினைக்க மகிழ்ச்சியே. ஆனால் அந்தக் கூடத்தில் தோட்டப் பள்ளி ஆசிரியர் எவரும் இல்லை. விடுதலைச் செய்தி அவருக்குக் கடைசியாகத்தான் வந்தது. பயிற்சியும் அப்படியே வந்தது.

பின்னர் நடந்ததைச் சுருக்கிச் சொல்வோம். ஆங்கிலப் பள்ளிகள் 1970முதல் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. விடுதலையின்போது 888ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. மக்கள் நகரத்துக்குப் பெயர்ந்தனர். பள்ளிகள் இணைந்தன, மறைந்தன. எஞ்சியவை நிமிர்ந்து நிற்பதற்கு, சீமையைக் காணாத, ஊர்க்காசில் கூரை மாற்றிய ஆசிரியர்களும் பெற்றோர்களுமே காரணம். அவர்களுக்கு நூற்றாண்டு மலர் எவரும் வெளியிடவில்லை.

"பழங்கதை" என்று சிலர் கொட்டாவி விடக்கூடும். பழங்கதையா? இன்று கப்பல் வேறு திசையில் ஓடுகிறது, அவ்வளவுதான். தன் பள்ளிகளில் கணக்கு, அறிவியல், மொழிப்பாட ஆசிரியர் பற்றாக்குறை என்று கண்ட இங்கிலாந்து, 2023 பிப்ரவரியில் ஒரு வாயிலைத் திறந்தது. இந்தியா, கானா, நைசீரியா, சமைக்கா, தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட ஒன்பது நாடுகளில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் அங்கே ஆசிரியத் தகுதிநிலை கோரலாம் என்றது. அன்று தன் செலவில்லாமல், மலாயாவின் செலவில் மலாயா ஆசிரியரைப் பயிற்றுவித்தது. இன்று நம் செலவில் பயிற்சி முடித்த ஆசிரியரை அள்ளிக்கொள்கிறது. போகிறவரை நாம் தடுக்கவில்லை. போவது அவர் உரிமை. வறுமையும் வேலையின்மையும் தள்ளும்போது தடுக்க நாம் யார்? கடல் தடை விதித்த கூட்டம் நாமல்ல.

ஆனால் பயிற்சிக்கென்றோ பணிக்கென்றோ செல்லும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கோபுரத்தின் முன்னும் பனியின் நடுவிலும் எடுத்த படங்கள் போதும். நீங்கள் நிற்கும் வகுப்பறையைப் பற்றி எழுதுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? நண்பகல் உணவு எவருக்கு இலவசம், எவருக்கு இல்லை? ஏழைப் பிள்ளை பின்வரிசையிலா, முன்வரிசையிலா? வழிபாட்டுக்கு எழ மறுக்கும் பிள்ளையை என்ன செய்கிறார்கள்? தலைமையாசிரியர் நாற்காலியில் பெண்கள் எத்தனை பேர்? உங்களோடு ஒரே அறையில் தங்கும் தமிழன் முதல் வாரத்திலேயே உங்கள் சாதியைக் கேட்டானா? ஒளிக்காமல் எழுதுங்கள். ஞாயிறுதோறும் நம் படிப்பகத்தில் அந்தக் கடிதங்களை உரக்கப் படிக்க ஆட்கள் இருக்கிறோம்.